பிறந்து வளர்ந்த ஆடு

தலைநகர் திலியில் ஜெர்வாசியுவுக்கு அரசாங்க மொழிபெயர்ப்பு வேலை. நாடு ஆசியானில் சேர்ந்ததிலிருந்து கூட்டமைப்பின் ஒப்பந்தங்கள் கட்டுக்கட்டாக அவன் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. எதை எடுத்தாலும் முதலில் விளக்கங்கள்தான். உறுப்பு நாடுகள் என்றால் எவை, சரக்கு என்றால் எது. ஒரு ஆடு எந்த நாட்டு ஆடு என்பதற்குக்கூட விளக்கம் இருந்தது: அங்கே பிறந்து அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டுக்கு எல்லையில் சுங்கம் கிடையாது.

அதைப் படித்த அன்றே, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தம்புவாவில் இருந்த தங்கை எர்மெலிந்தாவுக்குப் போன் போட்டான்.

"அப்பாவுக்குக் கறுப்பு கழற்ற வந்துடு. இப்ப எல்லாம் ஒரே சந்தை. ஆட்டையும் பிடிச்சுட்டு வா, ஒருத்தனும் தடுக்க மாட்டான்."

"நல்லாப் படிச்சுப் பாத்தியா?"

"எழுதறதே நான்தாண்டி."

சாவு விழுந்து வருடம் முடிந்ததும் கறுப்புத் துணியைக் கழற்றுவார்கள். அன்றைக்குக் கட்டிக்கொடுத்த பெண் ஆடோ எருமையோ கொண்டுவந்து பிறந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எர்மெலிந்தா தொண்ணூற்றொன்பதில், விடுதலை வாக்கெடுப்புக் கலவரத்தில் ஊர் எரிந்தபோது புருஷனோடு அந்தப் பக்கம் போனவள். திரும்பி வரவே இல்லை. அப்பா அவள் பேச்சையே எடுத்ததில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியில் யாரையும் உட்காரவிட்டதும் இல்லை.

பத்துகாடே எல்லையில் ஜெர்வாசியு காத்திருந்தான். அவள் வந்தாள். தலை நரைத்திருந்தது. கயிற்றின் முனையில் கொழுத்த கிடா. கால்நடை அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

"நோயில்லைன்னு சான்று எங்கம்மா?"

"ஐயா, இதுக்குச் சுங்கம் கிடையாது. ஒப்பந்தத்துல இருக்கு" என்றான் ஜெர்வாசியு.

"சுங்கம் யார் கேட்டா? நாளைக்கு இந்தப் பக்கத்து ஆடெல்லாம் சீக்கு வந்து செத்தா உங்க ஒப்பந்தமா வந்து ஊசி போடும்? அம்மா போகலாம். ஆடு போகாது."

எர்மெலிந்தா அண்ணனைப் பார்த்தாள். "எழுதறவனுக்கு இது தெரியாதா?"

"அது வேற அத்தியாயம்டி. இன்னும் அங்க வரல." அவள் கையைப் பிடித்தான். "ஆட்டை விடு. சந்தையில ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"உன் காசுல வாங்கின ஆட்டை நான் கொண்டுவந்தேன்னு சொல்லணுமா? இத்தனை வருஷம் கழிச்சு வெறுங்கையோட அந்த வாசல்ல ஏறவா? எங்க ஆட்டுக்குப் பிறந்த குட்டிண்ணே இது. அப்பாவுக்குன்னே வளர்த்தேன்."

அவள் பிறந்தது இங்கே, வளர்ந்ததும் இங்கே. அவன் மொழிபெயர்த்த பக்கங்களில் அவளுக்கு எந்த விளக்கமும் இல்லை.

"அடுத்த தடவை சான்றோட வா" என்றான்.

"அப்பா அடுத்த வருஷமும் சாவாரா?"

கிடாவை இழுத்துக்கொண்டு திரும்பினாள். எல்லைப் பாலத்தின் நடுவில் ஒரு தடவை நின்றாள். கிடாதான் நகர மறுத்ததோ என்னவோ. பிறகு போய்விட்டாள்.

வீட்டில் எல்லோரும் கறுப்பைக் கழற்றி முடித்திருந்தார்கள். சித்தப்பா கத்தரிக்கோலோடு வந்து அவன் கையில் கட்டியிருந்த துணியைத் தொட்டார். ஜெர்வாசியு கையை இழுத்துக்கொண்டான்.

"அவ வரட்டும்."

"அவ வர்றதுக்குள்ள துணி நைஞ்சு போயிடும்டா."

"நைஞ்சா இன்னொண்ணு கட்டிக்கிறேன்."