ஏழு புள்ளி இரண்டு

இங்வில் தன் அப்பா ஹால்வரின் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் காலையிலிருந்து மூன்றாவது தடவையாக ரத்தம் எடுக்க ஊசியை இறக்கினாள். ஹால்வர் முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடியபடியே, "லாக்டேட் எவ்வளவு?" என்றார்.

நர்ஸ் திகைத்தாள். குடல் வெடித்து, ரத்தத்தில் விஷம் ஏறிக் கிடக்கிற எழுபத்தாறு வயதுக்காரர் கேட்கிற கேள்வியா அது?

"பனிச்சறுக்கு ஸ்கீ கோச்சா இருந்தவரு," என்றாள் இங்வில். "காப்பி குடிச்சியான்னுகூட எங்கள கேட்டதில்ல. இதத்தான் கேப்பாரு."

நர்ஸ் போய்ச் சீட்டோடு வந்தாள். "ஒன்பது புள்ளி நாலு. காலையில ஆறு இருந்துச்சு."

"அது மேடு ஏறுறவனுக்கு வர்ற நம்பரு," என்று முனகினார் ஹால்வர். "நான் படுத்துல்ல கெடக்கேன்."

லாக்டேட்டை விஷம் என்பவன் முட்டாள் என்பார். தசை வேகமாக உழைக்கும்போது அதை ரத்தத்தில் தள்ளும். இதயமும் ஈரலும் வாங்கிப் பயன்படுத்திக்கொள்ளும். வாங்குவதைவிடத் தள்ளுவது கூடினால் தேங்கிவிடும், கூடவே ரத்தமும் புளித்துப்போகும், கால் ஓயும். ஆகவே நாலைத் தாண்டாதே. பதினோரு வயதிலிருந்து அந்த நாலுக்குக் கீழேயே வளர்ந்தவள் இங்வில். ஒவ்வொரு ஏற்றத்தின் முடிவிலும் அவள் காதுமடலை நன்றாகத் துடைத்துக் குத்துவார். முதல் சொட்டையும் துடைத்துவிட்டு, இரண்டாவதைத்தான் மெஷினுக்குக் கொடுப்பார். வியர்வையில் லாக்டேட் கொள்ளையாக இருக்கிறது. துளி கலந்தாலும் மெஷின் பொய் சொல்லும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதான ஆகஸ்டில் இளையோர் அணிக்கு மாவட்டத்திலிருந்து ஓர் இடம்தான் இருந்தது. அவளும் தங்கை துவாவும் பனியில்லாத கோடைக்கான சக்கர ஸ்கீயில் மேடேறினார்கள். எப்போதும் மூன்றரையைத் தாண்டாத வேகத்தில் அன்று அவளுக்கு ஏழு புள்ளி இரண்டு வந்தது. "உன் உடம்பு அவ்வளவுதான்," என்றார் அப்பா. துவா போனாள், பதக்கம் வாங்கினாள், டிவியில் வந்தாள். இங்வில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். இந்த இரண்டு வருடமாக அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் அவ்வளவுதான் என்று சொல்லப்பட்ட அந்த உடம்புதான்.

மதியம் டாக்டர் வந்து, இனி ரத்தம் எடுத்துத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் ஹால்வர் கண் திறந்தார். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை.

"துவா, வந்துட்டியாம்மா?"

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அக்கா போயிட்டாளா?"

"போயிட்டா," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அவகிட்ட சொல்லிடாத. அன்னைக்கு வேர்வையத் தொடைக்காம குத்துனத நீ பாத்துட்ட. இத்தன வருசம் வாயத் தொறக்கல. நல்ல பொண்ணு."

இங்வில் அவர் முகத்தருகே குனிந்தாள். "தொடைச்சிட்டு மறுபடி குத்தியிருக்கலாமேப்பா?"

"குத்தியிருந்தா எடம் அவளுக்குல்ல போயிருக்கும்," என்றார் ஹால்வர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "நீதான எனக்கு."

அவளுக்குக் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. அவர் பிடியைத் தளர்த்தவே இல்லை. இரண்டரை மணிக்கு மூச்சு நின்ற பிறகுதான் விரல் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

நர்ஸ் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, உயிர் பிரிந்த அறையில் செய்கிற வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டாள். பனிக்காற்று உள்ளே வந்தது.

ஆஸ்லோவிலிருந்து துவா வந்து சேர நாலாகிவிட்டது. கையுறைகூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள். கட்டிலோரம் விழுந்து அழுது ஓய்ந்தபின், "அக்கா, கடைசியா ஏதாவது பேசினாரா?" என்றாள்.

"பேசினாரு. என்ன நீன்னு நெனச்சுக்கிட்டுப் பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"வேர்வையத் தொடைக்கலன்னு சொன்னாரு."

எந்த வியர்வை, எப்போது என்று துவா கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விறைத்த விரல்களை ஊதினாள்.

"ஜன்னல மூடட்டுமாக்கா?"

"இருக்கட்டும்," என்றாள் இங்வில். கோட்டுப் பையிலிருந்து கம்பளிக் கையுறைகளை எடுத்து, தன் கைகளில் மாட்டிக்கொண்டாள்.