டேங்கில் கொட்டிய பவுடர்

ராஜாக்கண்ணு அன்று காலை டேங்க் மேலேறி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதை ஊரில் ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். ஜவ்வாது மலையில் அந்தக் கிராமத்துக்குப் பதினோரு வருடமாக டேங்க் ஆபரேட்டர் அவர்தான். வாரத்துக்கு ஒரு தடவை பவுடர், தினம் இரண்டு வேளை தண்ணீர். அதுவரை யாரும் அதை நின்று கவனித்ததுகூட இல்லை.

அன்று பத்து மணிக்குக் குழாயில் வந்த தண்ணீர் செம்மண்ணைக் கரைத்ததுபோல் இருந்தது. விடியற்காலையில் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரில் ஈஸ்வரி பாலில்லாமல் டீ போட்டாள். டீ மையாகக் கறுத்தது. ஒரு வாய் குடித்துவிட்டாள். பிறகுதான் டம்ளருக்குள் பார்த்தாள். பயத்திலேயே வாந்தி வந்தது.

முந்தின நாள்தான் புது போர்வெல்லைத் திறந்து வைத்து, அதன் தண்ணீரை டேங்குக்குத் திருப்பியிருந்தார்கள். அதுவரை ஊர் குடித்தது கிணற்றுத் தண்ணீர். ஆனால் கூடிய கூட்டத்துக்குப் போர் ஞாபகம் வரவில்லை, தேர்தல்தான் ஞாபகம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கலைவாணியை எதிர்த்து நின்று பதினேழு ஓட்டில் தோற்றவள் ராஜாக்கண்ணுவின் மனைவி வடிவு.

"பொண்டாட்டி தோத்த காண்டுல இன்னாவோ கலந்துட்டான்யா!"

யார் முதலில் சொன்னது என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை. டேங்க் சாவியைப் பிடுங்கிக் கலைவாணியிடம் கொடுத்தார்கள். சட்டைப் பை கிழிந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அவரை உட்கார வைத்து, போலீசுக்குப் போன் போட்டார்கள். ஜீப் மலையேறி வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

"எங்க வூட்லயும் இதே தண்ணிதானய்யா குடிக்கிறோம்," என்று வடிவு கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

ராஜாக்கண்ணு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குள் வேறொரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை மூட்டை மாறி வந்துவிட்டதோ? பூச்சிமருந்து எதையாவது தன் கையாலேயே ஊருக்கு ஊற்றிவிட்டோமோ? கைகளை முகர்ந்து பார்த்தார். பவுடர் வாடைதான் வந்தது. அப்போதும் மனம் அடங்கவில்லை.

மலையில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கும் அதே டேங்க்தான். அங்கே வேதியியல் எடுக்கும் ஜோஸ்லின் டீச்சர் குழாய்களை மூடச் சொல்லிவிட்டு வேகமாக வந்தாள். கண்ணமங்கலத்துக்காரி, மலைக்கு வந்து மூன்று வருடம். பள்ளி லேபிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்து வந்திருந்தாள். கலங்கிய அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், இரும்பு இருந்தால் ரத்தச் சிவப்பாகிவிடும். கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும், தானும் எதையோ கலந்ததாகச் சொல்வார்கள் என்று பட்டது; பாட்டிலைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"யார் வூட்லயாவது கடுக்காய் இருக்கா?" என்று கேட்டாள்.

காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்கிற ஊர் அது. ஈஸ்வரியே கொண்டுவந்தாள்.

"நீங்களே இடிங்கக்கா. நான் தொட மாட்டேன். தண்ணியும் நீங்களே புடிச்சிட்டு வாங்க. கிணத்துல ஒரு சொம்பு. போர்ல ஒரு சொம்பு, அது டேங்குக்குப் போறதுக்கு முன்னாடி, மோட்டார்கிட்ட."

இரண்டு சொம்புத் தண்ணீரும் கண்ணாடிபோலத் தெளிவாக வந்தன. டம்ளர்களில் ஊற்றி, ஈஸ்வரி ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டாள். கிணற்றுத் தண்ணீர் லேசாக மஞ்சளானது. போர்த் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பாய்ந்து, கொஞ்ச நேரத்தில் கறுத்தது.

"டேங்குக்கே போகாத தண்ணிம்மா இது!" என்றாள் ஈஸ்வரி.

"ஆமாக்கா. பூமிக்குள்ளயே இரும்பு கரைஞ்சிருக்கு. கடுக்காயில இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தா கறுக்கும். டீயிலயும் அதே துவர்ப்புதான்."

"அப்ப சிவப்பு?"

ராஜாக்கண்ணு கொட்டிய அதே பையிலிருந்து பவுடர் எடுக்கச் சொன்னாள். கிணற்றுத் தண்ணீரில் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. சொம்பில் தெளிவாக மிச்சமிருந்த போர்த் தண்ணீரில் போட்டதும் அது துருவேறிச் சிவந்தது.

"கரைஞ்சிருந்த இரும்ப பவுடர் துருவாக்கி வெளிய கொண்டாந்திருக்கு. அவர் எப்பவும் செய்யறதத்தான் செஞ்சார். தண்ணிதான் மாறியிருக்கு."

ராஜாக்கண்ணு அந்த டம்ளரையே பார்த்தார். மூச்சு இப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"இதக் குடிச்சா சாவோமா டீச்சர்?"

"இரும்புனால ஒரு வாய்க்கு ஒண்ணும் ஆகாது. வேற எதாவது இருக்கான்னு என்னால சொல்ல முடியாது, லேப்தான் சொல்லணும். அதுவரைக்கும் கிணத்துத் தண்ணி குடிங்க."

வடிவு எழுந்தாள். "திறக்கறதுக்கு முன்னாடி இந்தத் தண்ணிய லேபுக்கு அனுப்பலையா?"

எல்லோரும் கலைவாணியைப் பார்த்தார்கள். அவள் இவ்வளவு நேரமும் கதவருகே நின்றிருந்தாள். பேசாமலிருந்தால் அவளுக்கு நஷ்டமில்லை. லேப்காரர்கள் மேல் ஒரு வார்த்தை போட்டிருந்தாலும் போதும்.

"அனுப்பினேன்," என்றாள். "ரிசல்ட் வர்ல. அதுக்குள்ள மேலிடத்துல திறப்புவிழாவுக்குத் தேதி குறிச்சிட்டாங்க. தள்ளி வைங்கன்னு சொல்ல எனக்குத் தைரியம் வர்ல. தப்பு என்னுதுதான்." பிறகு ராஜாக்கண்ணுவிடம் வந்தாள். "அண்ணா, உன்ன இங்க உட்கார வச்சப்பவே நான் வாயத் தொறந்திருக்கணும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவள் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டார். ஜீப் வந்தபோது அவர் டேங்கைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி அனுப்பியது ஈஸ்வரிதான், டம்ளரோடு.

எட்டாம் நாள் ரிசல்ட் வந்தது. இரும்பு மட்டும் அதிகம், மற்றதெல்லாம் அளவுக்குள்தான். இரும்பை வடிகட்டும் பில்டர் கேட்டு மனு எழுதினார்கள். கலைவாணி அதை எடுத்துக்கொண்டு வடிவின் வீட்டுக்கு வந்தாள்.

"நீயும் கையெழுத்து போட்டா ரெண்டு கட்சியும் கேட்ட மாதிரி இருக்கும். தட்டிக் கழிக்க மாட்டாங்க."

"அடுத்த தடவையும் உன்ன எதிர்த்துத்தான் நிப்பேன்," என்று சொல்லிக்கொண்டே வடிவு பேனாவை வாங்கினாள்.

"நில்லு. யாரு வேணாம்னாங்க?"

உள்ளே கூழ் குடித்துக்கொண்டிருந்த ராஜாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. மறுநாள் காலை பஸ்ஸில் மூன்று பேரும் மனுவோடு அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கினார்கள். வடிவு ஜன்னலோரத்தை யாருக்கும் விட்டுத்தரவில்லை.