எட்டைச் சொல்ல வேண்டியவள்

இதெல்லாம் நடந்த வரிசை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். ஆனால் சலவைக்கூடத்து மேற்பார்வையாளருக்கு வாத்தியார் என்று பட்டப்பெயர் இருந்தது நிச்சயம். கல்லூரியில் இரண்டு வருடம் லத்தீன் படித்தவர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு பொழுதும் போகாது.

சூடான உருளைகளுக்குள் படுக்கை விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இத்தாலிக்காரியான பெரியக்கா தன் மொழியில் ஏழுவரை எண்ணுவாள். துணியை உருளை கவ்வுவது, ருமேனியாவிலிருந்து வந்த சின்னவள் எதிரே நிற்கும் பக்கத்திலிருந்துதான் தெரியும். அதனால் எட்டை அவள் தன் மொழியில் சொல்வாள். “ஓப்த்.” உடனே இருவரும் கையை எடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் இடைவேளையில் வாத்தியார் சின்னவளை எல்லாருக்கும் நடுவில் நிறுத்தினார். லத்தீனில் ஓக்தோ, இத்தாலியில் ஓத்தோ, ஸ்பானியத்தில் ஓச்சோ, பிரெஞ்சில் உயித் என்று விரல்விட்டு ஒப்பித்துவிட்டு, “உன்னோட எட்டு மட்டும் ஏம்மா தண்ணில கல்லு விழுந்தாப்ல சத்தம் போடுது? இன்னொரு தடவை சொல்லு” என்றார். சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி சொல்லச் சொன்னார். நாலாவது தடவை அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

மறுநாள் காலை உருளையருகே ஏழுக்குப் பிறகு ‘ஓப்த்’ வரவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. அவள் சொல்லட்டும் என்று துணியைப் பிடித்தபடி நின்ற பெரியக்காவின் கை உள்ளே போய்விட்டது. இயந்திரத்தை நிறுத்துவதற்குள் இரண்டு விரல்கள் வெந்துவிட்டன.

‘உடன் வேலை செய்தவளின் கவனக்குறைவு’ என்று வாத்தியார் அறிக்கை எழுதினார். சின்னவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலை அவர் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அவளுடைய ஓப்த்தும் மற்றவற்றைப் போலவே லத்தீன் ஓக்தோவிலிருந்து பிறந்ததாக ஒரே வரிசையில்தான் இருந்தது. அதில் கேலிக்கு ஒன்றுமில்லை என்று பரீட்சையில் அவரே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார். தெரிந்தேதான் சிரித்திருக்கிறார்.

பெரியக்காவைப் பார்க்கப் போனார். “என்ன வாத்தியாரே, வெறுங்கையோட வந்திருக்கீங்க” என்றாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. பிறகு அவளே சொன்னாள்: “அவ வாயை யாரு அடைச்சதுன்னு நீங்க எழுதலையே.”

அவர் இரண்டாவது அறிக்கை எழுதினார். அதில் விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

பெரியக்காவின் விரல்கள் இப்போதும் மடங்குவதில்லை. தலையணை உறைகளை அடுக்குகிறாள். சின்னவளைத் திரும்ப அழைத்தார்கள். வரவில்லை, வேறிடத்தில் தையல் வேலை பார்க்கிறாள். வாத்தியாரை மேற்பார்வையிலிருந்து இறக்கி உருளைக்கு அனுப்பினார்கள். அங்கே எட்டைச் சொல்வது அவர்தான்.