ஷாக் அடிக்கிற கதவு

அன்றைக்கு மழை வந்ததே நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் வாட்ச்மேன் அவளை உள்ளே விட்டிருக்கவே மாட்டார்.

தினமும் மதியம் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு அவள் செருப்புக் கம்பெனி வாசலுக்கு வருவாள். அம்மா ஓடிவந்து, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு, பசை காயாத கையோடு மறுபடி உள்ளே ஓடுவாள். தம்பிக்கு அவள் வைத்த பெயர் மூட்டை. இறக்கி வைத்தால் ஊரைக் கூட்டுவான். அவனைச் சுமப்பதற்காகத்தான் அவள் படிப்பை நாலாம் வகுப்போடு நிறுத்தியிருந்தார்கள். 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்றார்கள். பெண்பிள்ளையை நிறுத்தும்போது எல்லா வீட்டிலும் சொல்கிற பொய் அது. இந்த மூட்டை நடக்க ஆரம்பித்தால் அடுத்த மூட்டை வந்துவிடும். அம்மாவும் இப்படித்தான் தன் தம்பிகளைச் சுமந்தாள். அவர்கள் படித்து ஆளானார்கள். அம்மாவுக்கு இடுப்புவலி மிச்சம்.

அன்று காலை குழாயடியில் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள நீ வகுப்புல வந்து உக்காரலைன்னா உன் பேரை அடிச்சிடச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தம்பியைத் தூக்கிட்டு வரட்டுமா டீச்சர்?"

"போன தடவை தூக்கிட்டு வந்து என்னாச்சு? ஹெட்மாஸ்டர் நாற்காலியில போய் மூத்திரம் பெஞ்சான். கைப்பிள்ளையோட உள்ளயே விடக் கூடாதுன்னுட்டார்."

அதை அம்மாவிடம் சொல்லத்தான் சொட்டச் சொட்ட நனைந்து வந்திருந்தாள். "உள்ள போய் ஓரமா நில்லு, மேஸ்திரி கேட்டா என் பேரை எடுக்காதே" என்று வாட்ச்மேன் ஒதுங்கிக்கொண்டார்.

உள்ளே பசை நெடி மூக்கில் ஏறியது. நீள மேசைகளின் இருபுறமும் பெண்கள் செருப்புக்கு வார் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கையும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

"அம்மா, இன்னிக்குப் போகலைன்னா பேரை அடிச்சிடுவாங்களாம்."

"அடிச்சா அடிக்கட்டும். இவனை யார் தலையில கட்டுறது?" அம்மா நிமிரவே இல்லை.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே மூடிய கதவு ஒன்று. அதன்மேல் நீலப் பலகை, வெள்ளை எழுத்து. எழுத்தைக் கண்டால் வாய் தானாக அசையும் அவளுக்கு. படித்தாள். படித்ததும் நெஞ்சுக்குள் என்னவோ எகிறிக் குதித்தது. கதவில் கை வைக்கப் போனாள்.

"ஏய், தொடாதேடி!" அம்மா அலறினாள். "ஷாக் அடிக்கும்! போர்டுலயே எழுதிப் போட்டிருக்கு!"

"யாரும்மா சொன்னா?"

"மேஸ்திரிதான். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொன்னாரு."

"ஷாக்குன்னெல்லாம் எழுதலைம்மா. 'குழந்தைகள் காப்பகம்'னு எழுதியிருக்கு!"

மேசை முழுக்கக் கை நின்றது.

வாயைத் திறந்தாலே சரவெடி என்பதால் ஒருத்திக்கு வெடியக்கா என்றே பெயர். அவள்தான் முதலில் எழுந்தாள். "இன்னொரு தடவை படிடி கண்ணு. நல்லா சத்தமா."

படித்தாள். மூட்டை வீறிட்டதையும் தாண்டிக் கேட்டது.

"அடப் பாவி! நான் இத்தனை வருஷமா இந்தக் கதவைத் தாண்டுறப்பல்லாம் சுடுதண்ணி பட்ட பூனை மாதிரி ஒதுங்கிப் போறேனே!"

"அதானா ஆபீசருங்க பார்க்க வர்ற அன்னிக்கெல்லாம் நமக்கு லீவு? இதைத் திறந்து காட்டுறது நம்ம கண்ணுல படக் கூடாதுன்னா?" என்றாள் பக்கத்தில் ஒருத்தி, இருமிக்கொண்டே. "நான் முதலாளிக்கு நல்ல மனசுன்னுல்ல நினைச்சேன்."

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்துவிட்டார். "என்ன கூட்டம்? இந்தப் பிள்ளையை யாரு உள்ள விட்டது?"

"அது கிடக்கட்டும். போர்டுல என்ன எழுதியிருக்கு மேஸ்திரி?"

"கரண்ட் ரூம். ஆயிரம் தடவை சொல்லியாச்சு."

"பிள்ளை வேற மாதிரி படிக்குதே."

"அது நாலாங் கிளாஸு! அதுக்கு என்ன தெரியும்?"

"நாலாங் கிளாஸ் பொய் சொல்லுமா? அப்ப நீ எத்தனாங் கிளாஸ்?"

சிரிப்பு வெடித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேரே நடந்தாள். பசை படிந்த இரண்டு உள்ளங்கையையும் கதவில் பளீரென்று அறைந்து வைத்தாள்.

"அடிக்கலையே" என்றாள்.

ஷாக் அடித்தது மேஸ்திரி முகத்தில்தான்.

வெடியக்கா தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். உள்ளே கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். கைக்குக் கை மாறி அவை வெளியே பறந்தன. கடைசிப் பெட்டிக்குப் பின்னால், சுற்றிவந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு தொட்டில். ஆபீசர் கண்ணுக்காக வாங்கிய தொட்டில், ஒரு பிள்ளையின் ஈரம் படாத தொட்டில்.

"சாயங்காலம் லோடு போகணும்!" என்று கத்தினார் மேஸ்திரி. "அவங்கவங்க இடத்துக்குப் போங்க!"

"பிள்ளைங்க உள்ள இருந்தா லோடு போகும். இல்லைன்னா நீயே உக்காந்து வார் ஒட்டு." வெடியக்கா பசை பிரஷ்ஷை அவர் கையில் திணித்தாள். ஒருத்தியும் மேசைக்குத் திரும்பவில்லை.

முதலாளியிடம் பேச மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு மழையிலேயே வெளியே போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "வெச்சுத் தொலைங்க. வேலை நடந்தா சரி."

"பசை நெடி எனக்கு ஆகலை, பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்" என்று இருமல்காரி அறைக்குள் போனாள். "சம்பளம் குறையாதுல்ல மேஸ்திரி?" மேஸ்திரி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். "குறைஞ்சா பார்த்துக்கலாம்" என்றாள் வெடியக்கா.

அம்மா மூட்டையை வாங்கித் தொட்டிலில் போட்டாள். அவன் ஊரைக் கூட்டினான். பழக்கதோஷத்தில் அவள் கை நீண்டது. அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னும் எதுக்குடி நிக்கிறே? மணி அடிக்கறதுக்குள்ள ஓடு!"

ஓடினாள். வாசலில், கூரை விளிம்புக்குக் கீழே, இடுப்பில் தம்பி தங்கைகளோடு இன்னும் சில பெண்பிள்ளைகள் ஒண்டி நின்றார்கள்.

"எங்கடி ஓடுறே? மூட்டை எங்கே?"

"உள்ள தொட்டில் இருக்கு! கொண்டு போய்ப் போட்டுட்டு வாங்கடி, சீக்கிரம்!"

நிற்காமல் தெருவில் இறங்கினாள். மூட்டை இல்லாத இடுப்பு ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. கோணலாகத்தான் ஓடினாள். ஆனால் என்ன வேகம்! பின்னாலேயே சேற்றில் தபதபவென்று காலடிகள் கேட்டன. திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.