இடுப்பளவு தண்ணீர்

சுற்றுலாக் கப்பல் இரண்டு மணி நேரம் தாமதம். அதற்குள் கடல் வற்றிவிட்டது. காலையில் இடுப்பளவு இருந்த இடத்தில் இப்போது முழங்கால்தான்.

தண்ணீரைக் கையால் அடித்து இடியும் மழையுமாகச் சத்தம் எழுப்புவது பேங்க்ஸ் தீவுப் பெண்களின் ஆட்டம். சாண்டோ தீவுக்குப் பிழைக்க வந்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை. தேங்காய் பிளந்து காய்ப்பேறிய கைகளுடன் எட்டுப் பேர் இலைப்பாவாடை கட்டி நின்றோம். ரோலின் அத்தைதான் தலைவி. இந்தத் துறையில் கப்பல் இனியும் நிற்கலாமா என்று பார்த்துச் சொல்ல கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி அம்மாள் வந்திருந்தாள். நின்றால்தான் கொப்பரைக் கொட்டகைப் புகையிலிருந்து எங்களுக்கு வாரம் ஒரு நாளாவது விடுதலை.

அத்தை குனிந்து ஒரு அடி அடித்துப் பார்த்தாள்.

"மாடு சாணி போட்ட மாதிரி இருக்கு. வாங்கடி, உள்ள போவோம்."

பாறைத்திட்டின் விளிம்புவரை நடந்தோம். அங்கே தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இடி இடித்தோம். கப்பலிலிருந்து இறங்கிக் கரையில் நின்ற வெள்ளைக்காரர்கள் சத்தம் எட்டாமல் காதில் கையைக் குவித்தார்கள். அதிகாரி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அடிப்பதை விட்டுவிட்டு நான் கரைக்குப் போனேன். அத்தையின் வீட்டுக்காரர் ஹாரிசன் மாமா சலவைச் சட்டையில் நின்று ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வழக்கத்தில் அத்தை புருஷனை மருமகள் எவ்வளவு கேலி செய்தாலும் அவர் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஊரே சிரிக்கும்.

"மாமா, இவங்கள உள்ள கூட்டிட்டு வாங்க. உங்களுக்கென்ன, தண்ணியில கண்டமா?"

"நான் பேச வந்தவன்டி, குளிக்க வரல."

"நீங்க குளிச்சு எத்தன நாளாச்சுன்னு அத்த சொல்லிட்டாங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். தடுக்கித் தண்ணீரில் குப்புற விழுந்தார். இதுவும் சடங்கு என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பின்னாலேயே இறங்கினார்கள். ஒரு கிழவர் கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

எங்களைச் சுற்றி நின்றார்கள். மறுபடி இடி இடித்தோம். சத்தம் தண்ணீருக்குள்ளேயே ஓடி அவர்கள் வயிற்றில் போய் முட்டியது. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதிகாரி அம்மாளும் இடுப்பளவு நனைந்து நின்றாள்.

அவள் மாமாவிடம் ஏதோ சொன்னாள். மாமா முகம் தொங்கியது.

"என்னவாம்?" என்றாள் அத்தை.

"வாரா வாரம் கப்பல் நிக்குமாம். எல்லாரையும் இப்படியே கடலுக்குள்ள கூட்டிட்டு வரணுமாம்."

"அதுக்கு ஏன் மூஞ்சி இப்படி?"

"என்னைய இழுத்துப் போடறதையும் விடக் கூடாதாம்."

அடுத்த வாரம் யார் இழுப்பது என்று எங்களுக்குள் அங்கேயே சண்டை ஆரம்பித்தது.