நீலம் வராத மூன்று வாரங்கள்

...அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம், இத்தனை வருஷம் பேசாமல் இருந்த மனுஷனுக்கு இப்போது என்ன அவசரம், ஐம்பத்து மூன்று வயதில், கணவன் போய் நாலு வருஷமான ஒருத்தியிடம், என்னைக் கட்டிக்கிறியா என்று... அவள் பனிக்கட்டிக்குள் புதைத்த கல்வத்தில் நீல இதழ்களை அரைத்துக்கொண்டிருந்தாள், ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை, நல்லவேளை, முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள். காலையில் மகள் வேறு, "ஒட்டகம் மாமா பாவம்மா, ரொம்ப இழுத்தடிக்காத" என்று சிரித்தாள். கூடப் படித்தபோது அவன் உயரத்துக்கு இவள் வைத்த பெயர், அது மகள் வரைக்கும் வந்துவிட்டது.

இதே பூ, இதே வேலைதான் அப்போதும். சிவப்பாகவேண்டிய இதழை நீலமாக்குவது ஒரு நொதி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்து நிறம் பிறக்கும் பொருளில் ஒட்டவைக்கும், அவ்வளவுதான் அதன் வித்தை. அரைத்த சாறு பழுப்பாகிவிடக் கூடாதே என்று இவள் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றையெல்லாம் விரட்டி, சோதனைக்குழாயை இறுக்கி மூடிவிட்டு, நொதி ஏன் வேலை செய்யவில்லை என்று மூன்று வாரம் அழுதாள்! ஆக்சிஜனே இல்லாமல் எதை ஒட்டும் அது? தினமும் அவன் பக்கத்தில் நின்று இதழ் கிள்ளிக் கொடுத்தான், தேநீர் வாங்கி வந்தான், இருவர் விரல்களும் பனியில் சிவந்து மரத்துப்போயிருக்கும், "உன் மூக்கு மட்டும் நல்லா கலர் மாறுதுடி" என்பான்... நேற்று மாலை தொலைபேசியில்தான் உண்மையைச் சொன்னான்.

"ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் முடிவு பண்ணு. குழாயில காத்து இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

"அடப்பாவி! ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன் வேலை முடிஞ்சிடும். அப்புறம் நீ எதுக்கு என்கூட நிக்கப் போற?"

திட்டிவிட்டு வைத்துவிட்டாள். திட்டவேண்டியதுதானே, மூன்று வாரம், பேராசிரியரிடம் எத்தனை ஏச்சு... ஆனால் கல்வத்தின் குளிர் உள்ளங்கையில் ஏற ஏற வேறொன்று நினைவுக்கு வந்தது, இரண்டாவது திங்கட்கிழமை, அவன் தேநீருக்குப் போயிருந்தான், இவள் கண் நைட்ரஜன் சிலிண்டர் மேல் போய் நின்றது, ஒரு கணம் ஏதோ புரிகிறமாதிரி இருந்தது, அதற்குள் வராந்தாவில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது, இவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த குழாயிலும் காற்றை விரட்டி மூடினாள்... ஏன் மூடினாள்?