கசங்காத விரிப்பு

ஐந்து வயதுப் பிள்ளை படுத்து எழுந்த விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? என் மனைவி நம்பவில்லை. ஓட்டலில் அறை அறையாகப் போய், விரிப்பில் சின்ன மடிப்பு தெரிந்தாலும் வேலையாட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் மேற்பார்வையாளர் அவள். வீட்டிலும் அதே கண்தான். மகள் விரித்ததை உருவிப் போட்டு, "மறுபடி விரி" என்பாள். சில நாட்களாக உருவுவதற்கு வழியில்லை. சந்தேகம் என்மேல் திரும்பியது.

"நீங்கதானே திருட்டுத்தனமா விரிச்சுக் குடுக்குறீங்க? செல்லம் குடுத்தே கெடுத்துடுவீங்க."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு! நீயே விரிச்சுட்டு என்மேல பழி போடுறியோ என்னவோ!"

விடிந்ததும், ஒருவரை ஒருவர் கையும் களவுமாகப் பிடிக்க இருவருமே மகளின் அறைக்குப் போனோம். கட்டிலில் விரிப்பு நேற்று விரித்தபடியே கிடந்தது. மகள் கீழே வெறுந்தரையில், பள்ளிப் பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டில் கிரீச்சிட்ட சத்தத்தில் விழித்த மகள் அலறினாள்: "எந்திரிம்மா, கசங்கிடும்!"